சக்கரமும் பிரேக்கும் சரியாக உட்காராதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகோ, பிரேக் பேட் மாற்றிய பிறகோ, "வண்டி முன்புபோல் இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எதில் கை வைத்தீர்கள் என்பதுதான். பலருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். மற்றவர்களுக்கு, ஓர் இரும்பு முகம் இன்னோர் இரும்பு முகத்தின் மேல் ஒழுங்காகப் படிந்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். உதிரிப் பாகம் கெட்டுப்போய் வரும் தொல்லையைவிட, நல்ல பாகம் ஒரு துளி தள்ளி உட்கார்ந்து தரும் தொல்லையையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கீழே வரும் சோதனைகள் எதற்கும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். சமதரையில் ஸ்டாண்டு கொடுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அடைகட்டை வைத்த பிறகே வேலை.

புது அலாய் வீல் மாட்டியதிலிருந்து 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. ஏன்?

பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை அதன் நடுத்துளையில் பிடித்துச் சுழற்றுகிறது. அங்கே சரியாக ஓடிய சக்கரம் வண்டியில் ஏறியதும் நடுங்குகிறது என்றால், வண்டியில் அது நடுவில் உட்காரவில்லை.

வண்டியோடு வந்த சக்கரத்தின் நடுத்துளை, ஹப்பின் (சக்கரம் வந்து மாட்டும் இரும்பு மையம்) நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் வட்ட விளிம்பின் மேல் இறுக்கமாக ஏறும். அந்த விளிம்பின் விட்டம் வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டா, சுஸுகி சிறிய கார்கள் பலவற்றில் 54.1 மில்லிமீட்டர், ஃபோக்ஸ்வாகனில் 57.1, ஹோண்டாவில் 56.1 அல்லது 64.1. வெளியில் வாங்கும் அலாய் வீலைப் பல வண்டிகளுக்கும் விற்க வேண்டுமே, அதனால் 73.1 போன்ற பெரிய துளையோடு செய்கிறார்கள். நடுவில் விழும் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும். சக்கரத்தை விற்றவர் அதைத் தர மறந்திருப்பார், அல்லது வேறு வண்டியின் அளவைத் தந்திருப்பார். சக்கரத்தைக் கழற்றி, வளையத்தை மட்டும் ஹப்பின் மேல் வைத்து விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் வண்டியின் வளையம் இல்லை.

வளையம் இல்லாமலும் கூம்பு நட்டுகள் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவர முயலும். ஆனால் பாரம் தரையில் இருக்கும்போது இறுக்கினால் சக்கரம் துளையின் இடைவெளி அளவுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் காற்றில் இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் கையால் ஏற்றி, ஒன்று விட்டு ஒன்றாக லேசாக இறுக்கி, பிறகுதான் தரையில் இறக்கி முழு இறுக்கம் தர வேண்டும். இதைச் செய்தும் நடுக்கம் மிஞ்சினால் டயரே வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பிசிடி என்பதை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். நட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பிசிடி. நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்தூரம்; வேலை முடிந்தது. ஐந்து துளையில் நேர் எதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 58.8 வந்தால் 5×100 (ஐந்து துளை, பிசிடி 100), 65.8 வந்தால் 5×112, 67.2 வந்தால் 5×114.3. மையத்தைக் கண்ணால் குறிப்பது சிரமம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே தூரம்தான் வரும். கடைசி இரண்டுக்கும் இடையே 1.4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் தையல் டேப்பை எடுக்காதீர்கள், வெர்னியர் அளவுகோல் வேண்டும்.

(114.3 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: அது நாலரை அங்குலம்.)

என் வண்டி 4×100, சக்கரம் 4×98. நட் ஏறி இறுகியும்விட்டது. ஓட்டலாமா?

கூடாது. ஏறியது என்பதால் பொருந்தியது என்று ஆகாது. ஒவ்வொரு ஸ்டட்டும் (நட் ஏறும் மரைத் தண்டு) இப்போது தன் துளையின் மையத்திலிருந்து 1 மில்லிமீட்டர் விலகி, நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் தொட்டு, ஸ்டட்டை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற அந்த வளைவு மாறி மாறி வரும். கம்பியை இரண்டு பக்கமும் மடக்கி உடைப்பதுபோல்தான் இதுவும், சற்று மெதுவாக நடக்கும் என்பதுதான் வித்தியாசம். உடைவதற்கு முன்பே நட் தளர்ந்து எச்சரித்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆஃப்செட் எண் 45-க்குப் பதில் 38 என்கிறார்கள். 7 மில்லிமீட்டர்தானே, என்ன ஆகிவிடும்?

அகலமும் சேர்ந்து மாறினால் 7 என்பது 7-ஆக நிற்காது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் ஆஃப்செட். ரிம்மின் உட்புறம் ஈடி என்ற குறியோடு இருக்கும். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும், கூடினால் உள்ளே போகும்.

பழையது 6 அங்குல அகலம், ஈடி 45. புதியது 7 அங்குலம், ஈடி 38 என்று வைத்துக்கொள்வோம். ஒட்டும் முகத்திலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள தூரம் என்பது அரை அகலத்திலிருந்து ஈடியைக் கழித்தது. பழையதில் 76.2 கழித்தல் 45, அதாவது 31.2. புதியதில் 88.9 கழித்தல் 38, அதாவது 50.9. சக்கரம் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. உட்பக்கத்துக்கு இரண்டையும் கூட்டுங்கள்: 121.2, 126.9. உள்ளேயும் 5.7 மில்லிமீட்டர் போயிருக்கிறது. வெளியே மட்கார்டு, உள்ளே ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் நெருக்கடி.

ஆள் ஏறாத வண்டியை நேராக நிறுத்திவிட்டு "இடிக்கவில்லை" என்று சொல்வது சோதனை ஆகாது. பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளத் தள்ளப் பேரிங்கின் மேல் நெம்பும் விசையும் கூடும், குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். இது முதல் நாளே தெரியாது.

டயர் அளவை எவ்வளவு மாற்றலாம்?

மொத்த விட்டம் 3 சதவீதத்துக்குள் நின்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர், 195/55 ஆர்16 டயருடையது 620.9. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் டயர் அதே உயரம்தான். அகலத்தை (185) டயரின் சதவீதத்தால் (65) பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தை (15 அங்குலம்) கூட்டினால் போதும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். பாரம் தாங்கும் எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது.

ரிம் விட்டம் பழையதேதான். ஆனாலும் புது வீல் காலிப்பரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேடுகளால் கவ்வும் பகுதி) உரசுகிறது. ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே வைக்கும் தட்டு) போட்டால் தீருமா?

எங்கே உரசுகிறது என்பதைப் பொறுத்தது. 15 அங்குலம் என்ற எண் டயர் உட்காரும் இடத்தின் அளவு. உட்புறக் குழி எவ்வளவு ஆழம், குறுக்குக் கால்கள் (ஸ்போக்குகள்) எப்படி வளைகின்றன என்பது ஒவ்வொரு வார்ப்புக்கும் வேறு.

குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கிக் காலிப்பரின் முதுகிலும் முகத்திலும் ஒட்டுங்கள். சக்கரத்தை மாட்டி, இரண்டு நட் போட்டு, கையால் ஒரே ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிக் கழற்றுங்கள். களிமண் நசுங்கி நிற்கும் தடிமன்தான் உங்களிடம் மிச்சம் இருக்கும் இடைவெளி. ஒருமுறை இப்படிப் பார்த்தபோது, முகப்பில் இருந்த உருண்டை சிகரெட் அட்டை அளவுக்குத் தட்டையாகிக் கிடந்தது. அந்த வண்டிக்காரர் அதே சக்கரத்தில் ஒரு வாரம் ஓடியிருந்தார். 3 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. பிரேக் சூடானால் எல்லாம் விரியும்.

முகப்பில், அதாவது குறுக்குக் காலில் உரசினால் ஸ்பேசர் உதவும். முதுகில், அதாவது ரிம்மின் உள்வட்டத்தில் உரசினால் பெரும்பாலும் உதவாது. சக்கரம் வெளியே நகருமே தவிர வட்டம் பெரிதாகாது. உதவும் இடத்திலும் ஸ்பேசர் இரண்டைத் தின்றுவிடும்: ஸ்டட்டின் மரை நீளத்தை, ஹப் விளிம்பின் உயரத்தை. நட் ஏறும் சுற்றுகளை எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது மரை பிடிக்க வேண்டும். எம்12×1.5 (விட்டம் 12 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர்) என்றால் 8 சுற்று, எம்12×1.25 என்றால் 10 சுற்று. அதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றாமல் ஸ்பேசரைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. உரசல் பேலன்சிங் செய்த அன்று தொடங்கியது என்றால் ரிம்மின் உட்புறம் ஒட்டிய ஈயத் துண்டைப் பாருங்கள். அது காலிப்பரை ஒவ்வொரு சுற்றிலும் தட்டிக்கொண்டிருக்கும். பல கேஸ்களில் அந்தத் துண்டின் பளபளத்த மூலையே சாட்சி.

பழைய நட்டுகளையே புது சக்கரத்துக்குப் போடலாமா?

நட்டின் அடிப்பாகமும் சக்கரத்தின் குழியும் ஒரே வடிவமா என்று பார்த்துச் சொல்லுங்கள். மூன்று வகை உண்டு: 60 பாகைக் கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை. ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் தங்கள் சக்கரங்களுக்கு உருண்டை வகையைப் பயன்படுத்துகின்றன. டொயோட்டா அலாய்கள் பலவற்றில் தட்டை. வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை நட்டை இறுக்கினால் ஒரு மெல்லிய வட்டக்கோட்டில் மட்டும் தொடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) "டக்" என்று சொல்லும், நீங்களும் நிம்மதியாகப் போவீர்கள். சில நூறு கிலோமீட்டரில் அந்தக் கோடு நசுங்கி நட் தளரும்.

மரையும் கவனம். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் எம்12×1.5, நிசான், சுஸுகி, சுபாரு கார்களில் எம்12×1.25. ஒன்றை மற்றொன்றில் ஏற்றினால் முதல் ஒன்றரைச் சுற்று ஏறுவதுபோல் ஏறி நிற்கும். அங்கே ஸ்பானரை எடுப்பவர்தான் ஸ்டட்டைக் கெடுப்பவர். கையால் முழுக்க ஏறாத நட்டைக் கருவியால் ஏற்ற வேண்டாம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். எம்12 ஸ்டட் உள்ள பெரும்பாலான கார்களுக்கு அது 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் துப்பாக்கியால் கடைசி இறுக்கம் தருவதை நான் ஏற்பதில்லை. ஒரு நட் 70-இலும் பக்கத்து நட் 200-இலும் நிற்கும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். மரையில் எண்ணெயோ கிரீஸோ பூசாதீர்கள், அதே திருப்புவிசைக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும். குழிக்குள் பெயிண்ட் அடித்த சக்கரமா? அந்தப் பெயிண்ட் நசுங்கி உதிரும்போது இறுக்கமும் அதோடு போகும். குழிகளைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

நட் எல்லாம் கழற்றியும் சக்கரம் ஹப்பை விட்டு வரவில்லை.

துரு பிடித்து ஒட்டியிருக்கிறது. எல்லா நட்டுகளையும் இரண்டு சுற்றுக்கு மறுபடி ஏற்றிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கி, பக்கவாட்டில் ஆட்டுங்கள், பாரமே பிரித்துவிடும். பிறகு ஹப் விளிம்பை வயர் பிரஷால் தேய்த்து, விளிம்பில் மட்டும் மெலிதாக கிரீஸ் தடவுங்கள். தட்டை முகத்திலும் ஸ்டட்டிலும் வேண்டாம்.

பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கிறது. புது டிஸ்க் போட்டோம், மூன்று மாதம் நன்றாக இருந்தது, மறுபடி அதே துடிப்பு. டிஸ்க் வளைந்துவிட்டதா?

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் வாக்கியம். உண்மையில் அது வளைவது அபூர்வம். மூன்று மாதம் நன்றாக இருந்தது என்று நீங்கள் சொன்னதில்தான் விடை இருக்கிறது.

பழைய டிஸ்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். ஸ்டட்டுகளைச் சுற்றி, பழுப்பாக, நகத்தால் கீறினால் உதிராத ஒரு துருப்படலம் இருக்கும். அதைத் தேய்க்காமல் புது டிஸ்கை மாட்டியிருப்பார்கள். அந்தப் படலத்தில் 0.05 மில்லிமீட்டர் மேடு இருந்தாலே போதும், டிஸ்க் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். ஹப் முகம் சிறியது, டிஸ்கின் ஓரமோ அதைவிட இரு மடங்கு தள்ளி இருக்கிறது என்பதால் அங்கே சாய்வு 0.1 ஆகிவிடும். இது தலைமுடியின் தடிமன்தான். பெடலில் அன்று எதுவும் தெரியாது, காலிப்பர் கூடவே அசைந்து கொடுக்கும். ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் அந்த மேட்டுப்பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து, டிஸ்கின் தடிமனே சுற்றுவட்டத்தில் சீராக இல்லாமல் போகும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரியத் தொடங்கிவிடும். அப்போதுதான் துடிப்பு.

அடுத்த டிஸ்கைப் போடும்முன் ஹப் முகத்தை உலோகம் மின்னும்வரை தேயுங்கள், ஸ்டட்டின் வேரைச் சுற்றிலும் விடாமல். டிஸ்கின் உட்பக்க முகத்தையும் அதேபோல். டிஸ்கை வைத்து வாஷரோடு நட்டுகளைச் சரியான திருப்புவிசையில் இறுக்கி, ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.05-க்குள் வந்தால் நல்லது. வரவில்லையா? டிஸ்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். ஹப்பின் சாய்வும் டிஸ்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும் ஒரு நிலை பல வண்டிகளில் கிடைக்கும். எல்லா நிலையிலும் 0.05-ஐத் தாண்டியே இருந்தால் கோளாறு ஹப்பில் அல்லது பேரிங்கில்.

நட்டுகளை ஏறுமாறாக இறுக்கினாலும் இதே கதை. மலைப்பாதையில் இறங்கி வந்து, கொதிக்கும் பிரேக்கை மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைத்தாலும் பேடின் பொருள் ஓரிடத்தில் ஒட்டித் துடிப்பு வரும். அது வேறு காரணம், சில நேரம் ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும்.

டிஸ்கின் ஓரத்திலோ, நடுவில் குவளைபோல் எழும்பிய பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே கடைவதற்கு இடமில்லை.

புது பேட் பிராக்கெட்டில் (பேடைத் தாங்கும் சட்டம்) நுழையவே மாட்டேன் என்கிறது. பேடின் காதை (முனையில் நீட்டிய பகுதி) அராவலாமா?

அரத்தை எடுக்கும்முன் பிராக்கெட்டில் இருக்கும் தகட்டுக் கிளிப்பைக் கழற்றுங்கள். அதன் அடியில் துரு வளர்ந்து கிளிப்பை மேலே தூக்கியிருக்கும். இடம் குறைந்தது அங்கேதான், பேட் பெருத்துவிடவில்லை. துருவைத் தேய்த்து, புதுக் கிளிப் போட்டால் பேட் விரல் அழுத்தத்தில் நகரும். நகர வேண்டும். சுத்தியலால் தட்டி நுழைத்த பேட், பிரேக்கை விட்ட பிறகும் திரும்பாமல் டிஸ்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

உள்பேடும் வெளிப்பேடும் பெரும்பாலும் ஒன்றல்ல. தேய்மானத்தைக் கத்திச் சொல்லும் தகடு எந்தப் பேடில், எந்த முனையில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: பேடைத் திருப்பிப் போட்டு, இரும்பு முதுகு டிஸ்கைக் கடையும்படி வந்த வண்டியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒன்று வேறு யாரோ செய்தது. இன்னொன்று, நான் வேலை பழகிய முதல் வருடம்.

பின் காலிப்பரின் பிஸ்டன் உள்ளே போகவில்லை. கிளாம்ப் வளைந்ததுதான் மிச்சம்.

நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரிலேயே வந்து சேர்ந்தால் அந்த பிஸ்டன் திருகி உள்ளே போகும் வகை. முகத்தில் பள்ளங்கள் இருக்கும். அதற்கான கருவியால் அழுத்தியபடியே திருப்ப வேண்டும். பெரும்பாலும் வலச்சுற்று, சிலவற்றில் ஒரு பக்கம் இடச்சுற்று. முடிந்ததும் பேடின் முதுகில் உள்ள முளை பிஸ்டனின் பள்ளத்துக்குள் உட்காரும்படி நிறுத்துங்கள். உட்காராவிட்டால் பேட் சாய்ந்து தேயும்.

பட்டனில் இயங்கும் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் பூட்டிய பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் பல்சக்கரம் போய்விடும்.

எந்த பிஸ்டனைத் தள்ளினாலும் மேலே தொட்டியில் ஆயில் ஏறும். ஒரு கண் அங்கே இருக்கட்டும். வழிந்தால் பெயிண்ட்டைத் தின்றுவிடும்.

பேட் மாற்றி முதல் முறை மிதித்தால் பெடல் தரைவரை போகிறது!

பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினீர்கள், அது திரும்பி வர வேண்டும். வண்டி நகரும்முன் பெடலைப் பாதி ஆழத்தில் மெதுவாகப் பல முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். இதை மறந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தவர்கள் சுவரில் போய் நின்றிருக்கிறார்கள்.

மூன்று முறை ஏர் எடுத்தாயிற்று. பெடல் இன்னும் பஞ்சு போலவே இருக்கிறது.

காலிப்பர் மாற்றினீர்களா? அப்படியென்றால் நிப்பிள் (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு முனை) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்றுக் குமிழி மேலேதான் ஏறும், அதனால் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் பல வண்டிகளில் எல்லாம் பொருந்தும், போல்ட்டும் ஏறும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றினாலும் உச்சியில் இருக்கும் குமிழி அசையாது.

அது சரியாக இருந்தால் பின் டிரம்மைப் பாருங்கள். டிரம்முக்குள் விரிந்து உரசும் ஷூ அதிக தூரம் நகர வேண்டியிருந்தால் பெடலும் அதிகம் இறங்கும். இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்து நிற்கிறது என்றால் காற்றைவிட இந்த ஷூ இடைவெளியைச் சரிசெய்யாததுதான் காரணமாக இருக்கும். காலை வைத்தபடியே இருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா? வெளியே கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் தள்ளும் ஆயில் பம்ப்) உள் ரப்பர் போயிருக்கும்.

எந்த பிரேக் ஆயில்?

மூடியில் எழுதியிருப்பது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். புதிதாக இருக்கும்போது கொதிநிலை முறையே குறைந்தது 205, 230, 260 பாகை செல்சியஸ். டாட் 5 சிலிகான், அதை இவற்றோடு கலக்கக் கூடாது. பெயரில் ஒரு புள்ளி ஒன்று வித்தியாசம், உள்ளே வேறு பொருள். இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது!

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது.

அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். ஆயில் பீச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது: ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருக்கும். வெளியே புதுசு போலவே இருக்கும், உள்ளே துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கி, காலின் பலத்தில் போன ஆயில் தானாகத் திரும்ப முடியாமல் நிற்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டன், வழுக்கும் பின் (காலிப்பர் நகர உதவும் தண்டு), பேடின் காது, ஹேண்ட் பிரேக் கேபிள் இவற்றில் ஒன்று இறுகியிருக்கிறது.

வழுக்கும் பின்கள் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் பல காலிப்பர்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும், மற்றதில் இருக்காது. இடம் மாற்றிப் போட்டால் மாட்டிக்கொள்ளும். சாதாரண பேரிங் கிரீஸ் அந்த ரப்பரை ஊதவைக்கும். சிலிகான் கிரீஸ் பூசுங்கள். இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்து சூடாகிறதா? மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியில் இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம்.

பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இடது பிரேக்தானே கோளாறு?

பலமுறை கோளாறு வலதில்தான். இடது தன் வேலையைச் செய்கிறது, வலது செய்யவில்லை, அதனால் வண்டி இடப்பக்கம் போகிறது. பிரேக் பிடிக்காமலே இழுத்தால், இழுக்கும் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்.

புது ஷூ போட்டபின் டிரம் ஏறவில்லை.

ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை (ஷூக்களை விரிக்கும் திருகு) முழுக்கச் சுருக்குங்கள். இன்னும் ஏறவில்லையா? ஹேண்ட் பிரேக் நெம்புகோல் ஷூவில் ஓய்வு நிலையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட்டால் தானாக நெருங்க வேண்டிய ஷூ தானாக விலகிக்கொண்டே போகும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒரு பக்கம் முழுதாக இருந்தால் ஸ்பிரிங் எங்கே போனது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வேலை முடிந்த நாளிலிருந்து கரகரவென்று ஓர் இரும்புச் சத்தம்.

டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை விரலால் வெளியே வளைத்துவிடுங்கள். பத்தில் ஒன்பது முறை என்று சொல்ல ஆசை, எண்ணிப் பார்த்ததில்லை.

பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது.

சில பேரிங்குகளின் ஒரு பக்க ரப்பர் முத்திரையிலேயே காந்த வளையம் இருக்கும். சக்கர வேகத்தை அறியும் ஏபிஎஸ் சென்சார் அதைத்தான் படிக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் திருப்பி அழுத்திவிடுவார்கள். பேரிங்கை அழுத்தும்முன் இரும்புத்தூள் கொஞ்சம் தூவிப் பாருங்கள், காந்தப் பக்கத்தில் கோடு கோடாக ஒட்டும். திருப்பி அழுத்திய பேரிங்கை வெளியே எடுத்தால் அது கெட்டுவிடும், புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஸ்டெப்னி இரும்பு, மற்ற நான்கும் அலாய். அதே போல்ட்டைப் போடலாமா?

நட் உள்ள வண்டி என்றால் அடிப்பாக வடிவம் பொருந்தினால் போதும். போல்ட் ஏறும் வகை வண்டி என்றால் கவனம். அலாய் தடிமனானது, அதற்கான போல்ட் நீளம். அதே போல்ட் மெல்லிய இரும்புச் சக்கரத்தில் ஹப்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டு, பின்சக்கரங்களில் பிரேக் ஷூவையோ ஸ்பிரிங்கையோ சுரண்டும். இருட்டில், மழையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். இன்றே ஸ்டெப்னியை ஒருமுறை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்கான குட்டை போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியின் குழிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.